கரடி வீட்டுப் புகைபோக்கி

பனி கொட்டும் ஒரு மலைக்காட்டில், கல் வீட்டில் ஒரு கரடி குடியிருந்தது. அதன் பெருமையெல்லாம் பாட்டனார் கட்டிய புகைபோக்கியில்தான். அந்தக் காலத்தில் அதன் கீழே முழு மரங்களே எரிந்தன. இந்தக் கரடியோ சோம்பேறி. சின்னக் கரி அடுப்பு ஒன்றை அங்கே வைத்துக் குளிர்காய்ந்து வந்தது.

ஒருநாள் அடைமழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்துவிட, ஒரு முயல் தன் குட்டியோடு அங்கே ஓடி வந்தது. கரடிக்கு நல்ல மனசுதான், குழந்தைகளே. உடனே உள்ளே விட்டது. குளிர் வராமல் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது.

முயல் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தது. "கரடியாரே, இவ்வளவு அகலத்தில் இந்தச் சின்ன அடுப்பின் புகை மேலே போவதற்குள் ஆறிப்போய்க் கீழேயே இறங்கிவிடாதா? உள்ளே குறுகலாக ஒரு மண்குழாய் இறக்கிவிடலாமே?"

"யானையே நுழையும் புகைபோக்கி இது. துளிப் புகைக்கு இடம் போதாதா? பாட்டனார் கட்டியதில் குறை சொல்ல வந்துவிட்டாயா?"

முயல் குட்டியைத் தூங்கவைக்கப் போனது. ஒண்ட வந்த இடத்தில் என்ன பேசுவது?

சற்று நேரத்தில் அதற்குத் தலை வலித்தது. குட்டியைத் தொட்டு எழுப்பியது. குட்டி கண் திறக்கவில்லை. உலுக்கியது. தலை தொங்கியது.

"கரடியாரே, கதவைத் திறங்கள். கரியின் நச்சுப்புகை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே நிற்கிறது. குட்டி எழவில்லை."

"கதகதப்பில் நன்றாகத் தூங்குகிறது. எனக்கும் தூக்கம் வருகிறது" என்று கரடி கண்ணை மூடியது.

முயல் முட்டிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது. அந்தப் பெரிய உடம்பு அசையவில்லை. முயலின் கால்களும் துவள ஆரம்பித்தன.

சட்டென்று அது கரடியின் காதருகே போய், "கூரைமேல் குரங்குகள். உங்கள் பாட்டனாரின் புகைபோக்கிக் கல்லைப் பெயர்க்கின்றன" என்றது.

கரடி துள்ளி எழுந்தது. கதவை உதைத்துத் திறந்து, தள்ளாடியபடி கூரைமேல் ஏறியது. முயல் குட்டியைக் கவ்வி இழுத்துக்கொண்டு மழையில் வந்து விழுந்தது. ஈரக் காற்று பட்டதும் குட்டி ஒருமுறை தும்மியது, பிறகு அழுதது. முயலும் அழுதுவிட்டது.

கூரைமேல் ஒரு குரங்கும் இல்லை. கரடி புகைபோக்கியின் வாயில் கை வைத்துப் பார்த்தது. கொஞ்சமும் சூடு இல்லை. அத்தனை நேரம் எரிந்த அடுப்பின் புகை எங்கே போயிற்று என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

கீழே இறங்கி வந்து, "பொய்யா சொன்னாய்?" என்று கேட்டது.

"ஆமாம். குட்டி எழவில்லை என்றேன், நீங்கள் அசையவில்லை. கல்லைப் பெயர்க்கின்றன என்றேன், எழுந்துவிட்டீர்கள்."

கரடியால் தலை நிமிர முடியவில்லை. மழை விட்டதும் முதல் வேலையாக, புகைபோக்கிக்குள் அடியிலிருந்து நுனிவரை மண்குழாய் இறக்கியது.

நீதி: பழம்பெருமைக்காகப் பாதுகாப்பைக் கைவிடாதே.