பன்னிரண்டு மாட்டுச் சக்கரமும் கடைசி இலைப் பாயசமும்

முன்னே ஒரு காலத்தில் மேலைக்கரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை இடும்பவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புதுசாக எதையாவது கண்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. ஒரு தடவை யானைகளுக்கெல்லாம் செருப்புத் தைக்கச் சொல்லி, ஊரில் ஒருத்தர் காலுக்கும் தோல் கிடைக்காமல் பண்ணினவர்!

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு ஏரி. ஏரியை ஒட்டிய தலைமடைக்கு ஒரு நாள், வாய்க்கால் கோடியில் இருக்கிற கடைமடைக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். குறைவில்லாமல் பிழைப்பு ஓடியது.

அரசவையில் கும்பாண்டார் என்று ஒரு பிரபு. தலைமடை நிலமெல்லாம் அவருடையது. அமைச்சர் அறவாழியைக் கண்டால் அவருக்கு வயிறு பற்றி எரியும். ஒரு நாள் அவர் சபையில் மார்தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அரசே, பன்னிரண்டு மாடு பூட்டிய சக்கரம் செய்திருக்கிறேன். ஒரு மாசத்து இறைப்பை ஒரே நாளில் இறைக்கும். இனி முறையும் வேண்டாம், முணுமுணுப்பும் வேண்டாம். வருஷத்துக்கு மூன்று போகம்!"

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தே விட்டார். "பூட்டும் அந்தச் சக்கரத்தை!"

சக்கரம் சுற்றிய அழகைப் பார்த்து அறவாழியே வாயைப் பிளந்து நின்றார் என்றால் பாருங்களேன். தலைமடை நிலமெல்லாம் பச்சைப் பசேல். ஆனால் கழுத்தளவு இருந்த ஏரி இடுப்பளவாகி, முழங்காலளவாக இறங்கியது. கடைமடையில் நாற்றெல்லாம் மஞ்சள் பூத்தது.

"அரசே, சக்கரம் பெரிசாச்சு, ஏரி பெரிசாகவில்லையே" என்றார் அறவாழி. "மிச்சத் தண்ணீரை முறையாக விட்டால் மழை வரும்வரை கடைமடை நாற்று தாங்கும். அதையும் இறைத்துவிட்டால் அந்தக் குடும்பங்கள் பஞ்சம் பிழைக்கக் கிளம்ப வேண்டியதுதான்."

கும்பாண்டார் கடகடவென்று சிரித்தார். "தண்ணீர் போதவில்லையா? அப்படியானால் சக்கரம் போதவில்லை! இருபத்துநாலு மாட்டுச் சக்கரம் தயாராகிறது. அமைச்சருக்கு அங்கவஸ்திரமும் பழசு, அறிவும் பழசு!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா கையை உயர்த்தினார். "அமைச்சரே, நாளை மறுநாள் பெரிய சக்கரம் பூட்டப்படும். அதற்குள் அது தப்பு என்று எனக்கு உறைக்கிற மாதிரி காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கும்பாண்டாரிடம் கொடும்."

வீட்டில் அறவாழியின் மனைவி செங்கமலம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "மோதிரம் போனாப் போகுதுங்க, விரலாவது காத்தாடும். கடைமடைப் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்?"

அறவாழியின் கண் அடுப்படிப் பக்கம் போனது. முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "நாளைக்கு ராஜாவுக்கு நம்ம வீட்டில் விருந்து. பந்திக்குப் போதும்படி பாயசம் வை. அகப்பைக்கு மட்டும் நான் தச்சரிடம் சொல்லிவிடுகிறேன்."

"அகப்பைக்கு எதுக்குங்க தச்சர்? எப்படியோ, பாயசம் வைக்கிறது நான், பேர் வாங்குறது நீங்க!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தில் பெரியவருக்குக் கடைசி இலை. அந்த இலைக்கும் பரிமாறிய பிறகுதான் பந்தியில் யாரும் வாயில் வைக்கலாம். அதனால் ராஜா கடைசியில் அமர்ந்தார். "புதுக்கருவி கண்டவருக்குத் தலை இலை" என்று அறவாழி சொன்னதும் கும்பாண்டார் மீசையை முறுக்கிக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்தார்.

பாயசம் வந்தது. கூடவே வண்டிச் சக்கரம் அத்தனை பெரிய அகப்பை, கயிறும் கப்பியுமாக! எட்டுப் பேர் இழுக்க, ஒரே அள்ளில் அண்டாப் பாயசம் அத்தனையும் மேலே வந்தது.

"கும்பாண்டாரின் மூளைக்கு மரியாதை! ஊற்றுங்கப்பா!" என்றார் அறவாழி.

இலை நிறைந்து, மடி நிறைந்து, மீசையில் தேங்காய்ப் பல் தொங்கியது. நல்லவேளை, செங்கமலம் முன்னாலேயே ஆறவைத்திருந்தாள். அகப்பை அடுத்தடுத்த இலைகளைத் தாண்டி ராஜாவிடம் வந்தது. கவிழ்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"பாயசம் எங்கேயப்பா?"

"இதோ அரசே! அகப்பை சிறிசாகிப்போச்சு. இதைவிட இரண்டு மடங்கு பெரிசாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் உங்கள் இலை நிறைந்துவிடும்."

"உமக்கென்ன பித்தா? அண்டாவே காலி! அகப்பையைப் பெரிசாக்கினால் பாயசம் எங்கிருந்தய்யா வரும்?"

கத்தின பிறகுதான் ராஜாவுக்குத் தன் பேச்சு தன் காதில் விழுந்தது. காலி இலையைப் பார்த்தார். ஈ மொய்க்க உட்கார்ந்திருந்த கும்பாண்டாரைப் பார்த்தார். குரல் தணிந்தது. "கடைமடை என்பது இப்படித்தான் இருக்குமா, அமைச்சரே?"

"இங்கே வெறும் இலையோடு இருப்பவர் கொஞ்சம் பேர், அரசே. அங்கே ஊர் ஊராக இருக்கிறார்கள்."

"அந்தச் சக்கரத்தை உடைத்து அடுப்பில் வையுங்கள்!"

"வேண்டாம் அரசே! சக்கரம் நல்ல சக்கரம், கொடுத்த வேலைதான் தப்பு. ஏரியில் ஆள் உயரத்துக்கு வண்டல் மேடிட்டிருக்கிறது. கூடையில் அள்ள ஆயுசு போதாது. சக்கரத்தை வண்டல் இழுக்கப் பூட்டுவோம். பெய்கிற மழையை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவைக்கலாம். ஆனால் பெய்ததற்கு மேல் ஒரு சொட்டும் எந்தக் கருவியும் தராது. அதனால் முறை முறைதான்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும்! கும்பாண்டாரே, வண்டல் வேலைக்கு நீரே தலைவர். உம் கைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் உம் வயலுக்கு இனிமேல் கடைசி முறை!"

"சித்தம் அரசே" என்றார் கும்பாண்டார், யாருக்கும் தெரியாமல் விரலை நக்கிக்கொண்டே. "பாயசம் என்னவோ பிரமாதம்."

"அப்பாடா, ஒருத்தராவது சொன்னாரே!" என்று உள்ளேயிருந்து செங்கமலத்தின் குரல் கேட்டது.

மிச்சத் தண்ணீர் முறைப்படி போய் நாற்றைக் காப்பாற்றியது. சக்கரம் வண்டலை இழுத்துக் கரையில் போட்டது. ஐப்பசி மழை கொட்டியது. ஆழமாகிப்போன ஏரி, கரை தளும்ப நின்றது. "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்ட ராஜாவிடம், "மடை திறந்ததும் தண்ணீரோடு கடைசி வயல் வரைக்கும் நடந்து வாருங்கள், அது போதும்" என்றார் அறவாழி.

வாய்க்காலில் தண்ணீர் முன்னே ஓட, ராஜா பின்னே நடந்தார். கடைமடையில் ஒரே குலவைச் சத்தம். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி முதலில் தண்ணீரைக் கும்பிட்டாள். பிறகு வானத்தைக் கும்பிட்டாள். அப்புறம்தான் ராஜாவைக் கும்பிட்டாள்.

"எனக்கு மூன்றாவது இடம்தானாம்மா?" என்றார் ராஜா, கொஞ்சம் முறைப்பாக.

"கோவிச்சுக்காதீங்க ராசா. மழையும் தண்ணியும் வந்ததாலதானே நீங்க இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீங்க!"

ராஜா அவளையே பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி அறவாழி கையில் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் இறங்கி முதலில் தண்ணீரைக் கும்பிட்டார். நிமிர்ந்து வானத்தைக் கும்பிட்டார். அப்புறம் திரும்பி, அந்தப் பெண்ணையும் அவள் இடுப்புப் பிள்ளையையும் பார்த்துக் கை குவித்தார்.