நரிக்கு விழுந்த மாலை

மூங்கில்காட்டில் ஒரு நரி இருந்தது. நரி என்றதும் திருட்டும் தந்திரமும்தானே நினைவுக்கு வரும்? இந்த நரியின் பிழைப்பே வேறு. அது வரி வல்லுநர்!

அந்தக் காட்டில் யார் எதைச் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்கு சிங்கராஜாவுக்கு. மழைக்காலத்தில் பசித்து வருபவர்களுக்கு அதிலிருந்துதான் சாப்பாடு. எவ்வளவு கொடுப்பது என்று விளங்காதவர்கள் நரியிடம் ஓடி வருவார்கள்.

ஒருநாள் மலையணில் அழுதுகொண்டே வந்தது.

"நரியக்கா! நான் புதைச்ச கொட்டை அத்தனைக்கும் செந்நாய் அதிகாரி வரி போட்டுட்டார்! முக்கால்வாசியை எங்கே புதைச்சேன்னே மறந்துட்டேன். இருக்கிறதை எடுத்துக் கொடுத்துட்டா என் குட்டிங்க மழைக்குப் பட்டினிதான்!"

நரி விதிகளை எல்லாம் யோசித்துப் பார்த்தது.

"மறதிக்குச் சலுகை இல்லை, தங்கச்சி. கட்டித்தான் ஆகணும்" என்றது வருத்தத்தோடு.

பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி நிமிர்ந்தது.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க! நான் தோண்டுற இடமெல்லாம் கன்னு முளைச்சு நிக்குது. வேரைப் பாருங்க, இவ புதைச்ச கொட்டையோட ஓடு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு!"

நரி துள்ளி எழுந்தது. நேரே அரசவைக்குப் போனது.

"அரசே! அணில் மறந்த கொட்டை அதன் வயிற்றுக்குப் போகவில்லை. மரக்கன்றாகிக் காட்டுக்கே போய்விட்டது. காட்டுக்குக் கொடுத்ததற்கும் வரியா?"

சிங்கம் நேரில் வந்து பார்த்தது. கன்றுகளைக் கண்டதும் வரியைக் குறைத்தது. அணில்குட்டிகள் பிழைத்தன.

அடுத்த பௌர்ணமியன்று காடே கூடியது. சிங்கம் நரிக்கு மாலை போட்டு, 'வரிச் செம்மல்' என்று பட்டமும் கொடுத்தது. பிறந்தது முதல் 'திருட்டு நரி' என்றே கேட்டு வளர்ந்த காது அது. நரிக்குக் கண் கலங்கிவிட்டது.

காகம் அதன் காதருகே வந்து கிசுகிசுத்தது.

"பன்றி பேச்சை எடுத்துடாதே! சேற்றில் புரள்றவன் சொல்லித்தான் ஜெயிச்சேன்னு தெரிஞ்சா பட்டம் பறிபோயிடும்!"

நரி மாலையைத் தடவிப் பார்த்தது. அதைக் கழற்ற மனமே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டது.

"அரசே, ரொம்ப நன்றி! ஆனால் 'வரியைக் கட்டு' என்று அணிலிடம் சொன்னவள் நான். வழி காட்டியது பன்றித் தம்பி. பட்டத்தைத் திரும்ப வாங்கினால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காக அவனை மறைக்க முடியுமா?"



சிங்கம் சிரித்தது. "உனக்கு விழுந்த மாலையிலேயே அடுத்தவர் பங்கை எடுத்து வைக்கிறாய். உன் கணக்கை நம்பாமல் வேறு யார் கணக்கை நம்புவேன்? பட்டம் உன்னுடையதுதான்! இன்னொரு மாலை கொண்டு வாருங்கள்!"

பன்றிக்கும் மாலை விழுந்தது. அது வெட்கப்பட்டுப் பாதிப் பூவைத் தின்றே விட்டது. "தம்பி, நீ நல்லா இருக்கணும்!" என்று நரி அதைக் கட்டிக்கொண்டது.

சேர்த்த பொருளைப் பங்கிட்டால் குறையும். கிடைத்த புகழை நன்றியோடு பங்கிட்டால் வளரும்.