குதிரையைக் கொடுத்த வடிவு

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு 'ஐயோ பாவம்' என்று எழுந்து போக விடமாட்டேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே காய்களைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

கடம்பராயன் என்று ஒரு சிற்றரசன். சதுரங்கத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டுகிறவன். அவன் படையில் சாத்தன் என்றொரு வீரன் இருந்தான். அகழியோரக் குடிசைகளைக் கொளுத்தும்படி ஆணை வந்த நாளில், உள்ளே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டுப் பந்தத்தைத் தண்ணீரில் எறிந்துவிட்டான். அதற்குத் தண்டனை நிலவறை. பெயரைக் கேட்டு ஓர் அறை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் நிமிர்ந்து நிற்க முடியாது, கால் நீட்டிப் படுக்க முடியாது. கஞ்சி இறக்கும் துவாரம் தவிர வெளிச்சமும் கிடையாது. ஏழு மாதம் அதில் கிடந்தான் சாத்தன்.

அவன் மனைவி வடிவு அரண்மனை வாசலில் நாள் தவறாமல் வந்து நின்றாள். கல்யாணமான நாள் முதல் தரையில் கரிக்கோடு போட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சதுரங்கம் ஆடுவார்கள். அவனை அவள் ஜெயிக்கவிட்டதே இல்லை. "மன்னரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும்" என்று அவள் கேட்டதும் கடம்பராயன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆடலாமே! நீ ஜெயித்தால் உன் புருஷனுக்கு விடுதலை. தோற்றால் அன்றைக்கே அவன் தலை போகும். சமன் ஆனால் சாகிற வரைக்கும் அவனுக்கு நிலவறைதான். சம்மதமா?"

சம்மதம் என்றாள். ஓடிப்போய்த் துவாரத்தில் வாயை வைத்துச் சாத்தனிடம் சொன்னாள்.

"ஜெயிச்சா வெளிய வரேன்" என்றான் அவன். "தோத்தா ஒரு வெட்டு, அதோட போச்சு. சமன்னு மட்டும் வந்து நிக்காதே வடிவு. இங்க கிடக்கிறது உசிரு இல்லை. எம்மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா அப்படிச் செய்யமாட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆட்டம் தொடங்கியது. உச்சிப்பொழுதுக்குள் பலகை காலியாகிவிட்டது. மிச்சமிருந்த காய்களைச் சொல்கிறேன். கடம்பராயனிடம் ராஜா, ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய்கள். ஒரு சிப்பாய் நடுவில் வருகிறது, இன்னொன்று பலகையின் ஓரத்தில். வடிவிடம் ராஜா, ஒரு குதிரை, ஒரே ஒரு சிப்பாய்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, தன் சிப்பாயை ஓட்டுவது. நான்கு எட்டு வைத்தால் அது ராணியாகும், ஆட்டம் அவளுடையது. ஆனால் கடம்பராயன் தன் மந்திரியைப் பின்னால் இழுத்து ஒரு குறிப்பிட்ட கறுப்புக் கட்டத்தில் நிறுத்திவிட்டால், அந்தச் சிப்பாய் முடங்கிப்போகும். பிறகு அவனுடைய இரண்டு சிப்பாய்களையும் அவளால் தடுக்க முடியாது. அந்த ஒரு நகர்வை அவன் பார்த்தால் சாத்தன் செத்தான், பார்க்காவிட்டால் பிழைத்தான். கடம்பராயன் முன்னேறி வெட்டுவதில் கெட்டிக்காரன். காலையிலிருந்து ஒரு காயைக்கூட அவன் பின்னுக்கு இழுக்கவில்லை.

இரண்டாவது வழி, குதிரையால் அந்த நடுச் சிப்பாயை வெட்டுவது. குதிரை போய்விடும், அவளுடைய சிப்பாயும் பிறகு பிழைக்காது. ராஜா மட்டும் ஒண்டியாக நிற்பார். ஆனால் ஓரச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய மூலைக் கட்டம் வெள்ளை. கடம்பராயனின் மந்திரியோ கறுப்பில் மட்டும் ஓடுகிறவர். வடிவின் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அவரைக் கிளப்ப அந்த மந்திரியால் ஆயுசுக்கும் முடியாது. இதில் தோல்வி வராது, வெற்றியும் வராது.

வடிவு சிப்பாயின் மேல் விரலை வைத்தாள். வாசலில் கொலையாள் வாளை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவள் கண் அந்த வாளின் மேல் போயிற்று. விரலை எடுத்தாள். குதிரையைத் தூக்கி நடுச் சிப்பாயை வெட்டினாள்.

கடம்பராயன் குதிரையைத் தின்றான், அவளுடைய சிப்பாயையும் தின்றான். அதற்குள் அவள் ராஜா மூலைக்குப் போய்விட்டார். மன்னன் சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஓரச் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டம் வரை தள்ளினான். அப்போது வடிவின் ராஜாவுக்கு அடியும் இல்லை, நகர இடமும் இல்லை. அப்படி ராஜா முடங்கினால் சமன் என்பதுதான் விதி, ஆட்டம் சமன் என்று அறிவித்தார்கள்.

கடம்பராயன் எழுந்து சோம்பல் முறித்தான். "சிப்பாயை ஓட்டியிருந்தால் நான் தொலைந்தேன். மந்திரியைப் பின்னால் இழுக்கலாம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவள் துவாரத்தருகே போய் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சியா?" என்று கேட்டான் சாத்தன்.

"சமன்."

அதற்குப் பிறகு சாத்தன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு வருஷம் உயிரோடு இருந்தான். தினமும் அவள்தான் கஞ்சி இறக்கினாள். "ஒரு வார்த்தை திட்டவாவது திட்டுங்க" என்று கெஞ்சுவாள். உள்ளே அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

இப்போது சொல்லுங்கள். வடிவு குதிரையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியது சரியா? சத்தியத்தைக் காப்பாற்றிச் சிப்பாயை ஓட்டியிருக்க வேண்டுமா?

என் விடை இதுதான். கடம்பராயன் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவன் அந்த நகர்வைப் பார்த்திருப்பானா, மாட்டானா என்பது அவனுக்கே தெரியாது. பலகையை மட்டும் பார்த்தால் அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. தோற்பதைவிடச் சமன் மேல் என்று எந்த ஆட்டக்காரரும் சொல்வார். ஆனால் பலகைக்கு வெளியே எது மேல் என்று சொல்ல வேண்டியவன், ஏழு மாதம் உள்ளே கிடந்தவன். அவன் தெளிவாகச் சொன்னான், அவளும் சத்தியம் செய்தாள். வாளைப் பார்த்துப் பயந்தது அவள், அந்தப் பயத்துக்குப் பதினொரு வருஷம் உள்ளே கிடந்தது அவன். ஆகவே அவள் செய்தது தவறு. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் குதிரையைத்தான் கொடுத்திருப்பேன்.