ராஜா கட்டிய கல்யாணப் பந்தல்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியும் என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதீர்கள்.

அந்த ராஜா ஆனி மாதத்தில் ஏழு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். ஏழிலும் அதே வாழைமரம், அதே மாவிலை, அதே மஞ்சள் செவ்வந்தி. ஏழாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்பதே அவருக்கு மறந்துபோய், ஆறாவது மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி வாழ்த்திவிட்டார். பெண்வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. அரண்மனைக்குத் திரும்பினதும் சபையைக் கூட்டினார்.

"ஆளுக்கு ஆள் முகம் வேறு, குணம் வேறு. பந்தல் மட்டும் ஏன் ஒன்றாக இருக்கிறது? இனி இந்த நாட்டில் ஒவ்வொரு ஜோடிக்கும் அவர்கள் மனசுக்குப் பிடித்த பூவில், பிடித்த நிறத்தில்தான் பந்தல் போடவேண்டும். மணமக்கள் வாயால் சொன்னது எதுவோ அதுதான் பந்தலில் இருக்கவேண்டும். சொல்லாத ஒரு இதழ்கூட இருக்கக்கூடாது. இதில் தவறினால் அன்றைக்குத் தாலி ஏறாது."

யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராஜாக்களின் யோசனை எல்லாம் கேட்கிறபோது நன்றாகத்தான் இருக்கும்.

சபையில் சொக்கேசர் என்று ஒருவர். அரண்மனை அலங்காரம் முழுக்க அவர் பொறுப்பு. இருபது வருஷமாகப் பூவைப் பற்றி உத்தரவு போட்டவர். ஒரு முழம் பூக் கட்டினவர் இல்லை. அவருக்கு விகடகவி காளத்தியைக் கண்டால் ஆகாது. தாம் நாலு நாள் பாடுபட்டு மண்டபத்தை அலங்கரித்தால் ராஜா தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், இந்தக் காளத்தி ஒரு வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்கிற எரிச்சல்.

அவர் எழுந்து கும்பிட்டார். "பிரபு, இந்த அரிய சட்டத்தின் முதல் மரியாதை நம் காளத்திக்கே கிடைக்கட்டும். ஐந்தாம் நாள் அவர் மகள் பூரணிக்குத் திருமணம். மணமக்களின் விருப்பத்தை நானே நேரில் கேட்டு, ஓலையில் எழுதி, முத்திரை வைக்கிறேன்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

காளத்தி மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். மாப்பிள்ளை மாடக்கண்ணு அரண்மனை யானைப்பாகன். ஆடி பிறந்ததும் யானைகளோடு மலைக்காட்டுக்குப் போகவேண்டியவன். போனால் திரும்பி வர மூன்று வருஷம். அந்த ஆனியில் ஐந்தாம் நாள்தான் கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாயார் சடைச்சியம்மாள் முன்னமே சொல்லிவிட்டாள்: "இந்தா பாருங்க சம்பந்தி, இந்த முகூர்த்தம் தப்பினா நாங்க காத்திருக்க மாட்டோம். போற வழியில என் அண்ணன் மக இருக்கா."

மறுநாள் சொக்கேசர் காளத்தியின் வீட்டுக்கு வந்தார். கூட ஒரு பித்தளைத் தட்டு. அதில் பதினாறு நிறத்தில் சாயத்துணித் துண்டுகள். இரண்டு பக்கத்து உறவுக்காரர்களையும் கூடத்தில் உட்காரவைத்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பூரணியை நடுவில் நிறுத்தினார்.

"பெண்ணே, உனக்குப் பிடித்த நிறத்தைத் தொட்டுக்காட்டு."

பூரணி தலையைக் குனிந்தாள். வருங்கால மாமியார் நேர் எதிரே. எந்தப் பெண் தொடுவாள்?

"கூச்சப்படாதே. என்ன பூ வேண்டும்? வாயைத் திறந்து சொல்."

"பெரியவங்க பார்த்து எது செஞ்சாலும் சரி" என்றாள் பூரணி, தரையைப் பார்த்துக்கொண்டே.

மாப்பிள்ளையைக் கேட்டார். ஆறடி ஆள், மதம் பிடித்த யானையை ஒரு அதட்டலில் மண்டிபோட வைக்கிறவன். அவனும் காதைச் சொறிந்துகொண்டு, "பெரியவங்க பார்த்து எது செஞ்சாலும் சரிங்க" என்றான்.

நம் ஊரில் கல்யாணப் பிள்ளைகளைச் சபையில் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? சொக்கேசருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் நாற்பது பேரை உட்காரவைத்தார். அதே வாசகத்தை ஓலையில் எழுதி முத்திரையை அழுத்தினார்.

"காளத்தியாரே, மணமக்கள் ஒரு பூவின் பெயரும் சொல்லவில்லை. பூ வைத்தால் சட்டப்படி தவறு. வெறும் பந்தலில் தாலி கட்டினால் அமங்கலம். எப்படிச் செய்யப் போகிறீர் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது."

எல்லோரும் போனபிறகு காளத்தி மகளைக் கேட்டார். "ஏம்மா, ஒரு நிறத்தைத் தொட்டிருக்கக்கூடாதா? விரலா தேஞ்சுபோகும்?"

பூரணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவங்க வீட்டுக்காரங்க எல்லாம் இருக்கும்போது, எனக்கு அது வேணும் இது வேணும்னு எப்படிப்பா சொல்றது? அடங்காத பொண்ணுன்னு நினைக்க மாட்டாங்களா? அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலை. எதைச் சொன்னாலும் சரியா இருக்குமோ இருக்காதோன்னு இருக்கு."

காளத்தி அந்த ஓலை வாசகத்தையே மூன்று நாள் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்குப் போனார். ராஜா தனியாக இருந்தார்.

"மகாராஜா, ஓலையில் உள்ளபடி நடக்கவேண்டும் அல்லவா?"

"எழுத்துக்கு எழுத்து நடக்கவேண்டும்."

"பெரியவர்கள் பார்த்துச் செய்யவேண்டும் என்று ஓலை சொல்கிறது. இந்த நாட்டுக்கே பெரியவர் தாங்கள். ஆகையால் நாளைக் காலை தாங்கள்தான் வந்து பந்தலை அலங்கரிக்கவேண்டும்."

"நானா? ஆட்களை அனுப்புகிறேன்."

"ஆட்கள் செய்தால் அது ஆட்கள் செய்தது. ஓலையில் ஆட்கள் இல்லையே, மகாராஜா. தங்கள் கைதான் படவேண்டும். என்ன பூ, என்ன நிறம் என்பதும் தங்கள் சித்தம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆசையும் வந்தது. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அடுத்தவர் கட்டித் தந்து பார்த்தவர். தாம் ஒன்று கட்டிப் பார்ப்பது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? "காளத்தி, அலங்காரத்தில் எனக்குத் தனி ரசனை உண்டு. யாரும் கேட்டதில்லை" என்றார்.

"அதை நினைத்துத்தான் வந்தேன்" என்றார் காளத்தி.

பொழுது விடிகிற நேரம் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு வண்டிப் பூ. ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டைப் பூ. அதை ஒட்டி ஆரஞ்சுக் கனகாம்பரம். நடுநடுவே நீலச் சங்குப்பூ. இவ்வளவும் போதாது என்று கிளிப்பச்சைத் துணியும் ஊதாத் துணியும். வாழைமரத்தை அவரே தூக்கி நிறுத்தினார். ஒன்று கிழக்கே சாய்ந்தது, ஒன்று மேற்கே சாய்ந்தது. ஏணியில் ஏறி நாரில் முடிச்சுப் போட்டார். கையை எடுத்ததும் அவிழ்ந்தது. மறுபடி போட்டார், அவருடைய மோதிரமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. பட்டெல்லாம் வாழைக்கறை.

"கொஞ்சம் பிடியேன், காளத்தி!"

"ஐயோ, என் கை பட்டால் சட்டப்படி தவறு, மகாராஜா."

ஒருவழியாக முடித்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற முகம். "எப்படி?"

"இதுவரை இந்த நாட்டில் யாரும் இப்படிச் செய்ததில்லை" என்றார் காளத்தி. "மகாராஜா களைத்துவிட்டீர்கள். அந்த வாழைக்குப் பின்னால் ஒரு நிமிஷம் உட்காருங்கள். மோர் கொண்டுவரச் சொல்கிறேன்."

அப்போது சொக்கேசர் ஓலையோடு வந்து சேர்ந்தார். பந்தலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"காளத்தியாரே! என்ன கோலம் இது? குரங்குக் கூட்டம் வந்து கட்டிவிட்டுப் போனதா? கோழிக்கொண்டைக்குப் பக்கத்தில் கனகாம்பரம்! கண்ணில்லாதவன்கூட இப்படிச் சேர்க்கமாட்டான். மணமக்கள் சொல்லாத பூ வேறு. திருமணம் ரத்து!"

"மணமக்கள் சொன்னபடி பெரியவர்தான் செய்தார்" என்றார் காளத்தி.

"எந்தப் பெரியவன்? அந்த மடப்பெரியவனை எனக்குக் காட்டும்!"

வாழைக்குப் பின்னாலிருந்து ராஜா மோர்ச்செம்போடு எழுந்தார்.

சொக்கேசர் ஓலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். இருபது வருஷம் சபையில் இருந்தவர் அல்லவா, அரை நொடியில் திருப்பிக்கொண்டார். "பிரபு! தூரத்திலிருந்து பார்த்ததால் ஏமாந்தேன். கிட்டே வந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது! கோழிக்கொண்டையின் பக்கத்தில் கனகாம்பரம்! சூரியோதயத்தின் பக்கத்தில் இன்னொரு சூரியோதயம்! இந்த வாழைகள்தான் எவ்வளவு பணிவாகச் சாய்கின்றன!"

ராஜா மீசையைத் தடவினார். பந்தல் சட்டப்படி சரி என்று சொக்கேசர் தம் வாயாலேயே சொல்லி, ஓலையிலும் எழுதினார். காளத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதே சமயம் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு, குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு பூரணி வெளியே வந்தாள். எதிர்ப்பக்கம் மாடக்கண்ணு தன் பெண்யானையோடும் தாயாரோடும் வந்து நின்றான். பூரணி பந்தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யே! யாருப்பா இதைக் கட்டினது? கோழிக்கொண்டைக்கும் கனகாம்பரத்துக்கும் கண்ணு கூசுதே! இந்த வாழை ரெண்டும் கள்ளுக் குடிச்சவன் மாதிரி நிக்குது!"

மாடக்கண்ணுவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. "என் வள்ளி தும்பிக்கையால கட்டினாக்கூட இதைவிட நேரா கட்டும்!" என்று யானையைக் காட்டினான்.

சொக்கேசர் துள்ளினார். "ராஜ நிந்தனை! பிரபு, இது தாங்கள் கட்டிய பந்தல்! மேலும், மணமக்களுக்கே பிடிக்காத பந்தல் சட்டப்படி செல்லாது. திருமணமும் ரத்து, தண்டனையும் உண்டு!"

பூரணி அப்போதுதான் ராஜாவைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. சடைச்சியம்மாள், "மாடக்கண்ணு, யானையைத் திருப்பு" என்றாள். ராஜாவின் முகமும் சிவந்திருந்தது. பாடுபட்டுக் கட்டினவர் அல்லவா.

"பெண்ணே, அப்படியானால் உனக்கு எப்படித்தான் வேண்டும்?" என்றார்.

பூரணியின் தலை பழையபடி குனிந்தது. "பெரியவங்க..." என்று ஆரம்பித்தாள்.

காளத்தி குறுக்கே விழுந்தார். "அப்படியானால் இதே இருக்கட்டும், மகாராஜா. இன்னும் நாலு முழம் கோழிக்கொண்டை மிச்சம் இருக்கிறது. மணவறை மேலேயும் கட்டிவிடலாம்."

"வேண்டாம்பா, வேண்டாம்!" என்று பூரணி அலறினாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "வெள்ளையும் பச்சையும் போதும். முல்லை, நந்தியாவட்டை, ஊடாலே மரிக்கொழுந்து. சிவப்பு ஒண்ணுகூட வேணாம். துணியே வேணாம். பூச்சரம் தலையில இடிக்காம மேலே தூக்கிக் கட்டணும்."

"வாசல்ல மட்டும் ஆலந்தழை கட்டணும்" என்றான் மாடக்கண்ணு. "வள்ளி பார்த்துட்டு வந்து நிக்கும்."

"நிக்குமா? தின்னுடும்!"

"திங்கட்டுமே. அதுக்கும் கல்யாணச் சாப்பாடு வேணாமா?"

பூரணி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசினது அதுதான் முதல் தடவை. அதை யாரும் தடுக்கவில்லை. சடைச்சியம்மாள்கூட, "ஆலந்தழைய ரெண்டு கட்டா வாங்குங்க, அந்தக் கழுதைக்கு ஒரு கட்டு காணாது" என்றாள்.

ராஜா காளத்தியை ஏறிட்டுப் பார்த்தார். "இதற்காகவா என்னை வரவழைத்தாய்?"

காளத்தி கும்பிட்டார். "மகாராஜா, என்ன பிடிக்கும் என்று கேட்டால் நம் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். பிடிக்காததைக் கண்முன்னே கட்டிக் காட்டினால், வேண்டியது தானாக வெளியே வரும். நானே கட்டியிருப்பேன். ஆனால் இவ்வளவு பிடிக்காதபடி கட்ட எனக்குத் திறமை போதாது. அதற்கு மகாராஜாதான் வேண்டியிருந்தது."

சபையாக இருந்தால் தலை போயிருக்கும். சொக்கேசர் அதற்குத்தான் காத்திருந்தார். ராஜா தம் பந்தலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கிழக்கே சாய்ந்திருந்த வாழை மெதுவாகப் படுத்துக்கொண்டது. ராஜாவுக்குத் தாங்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்.

"சொக்கேசரே, எழுதும்! வெள்ளை, பச்சை, முல்லை, நந்தியாவட்டை, மரிக்கொழுந்து, ஆலந்தழை. ஒன்றும் விடக்கூடாது. எழுதி முடித்ததும் ஏணியில் ஏறும். முகூர்த்தத்துக்கு மூன்று நாழிகைதான் இருக்கிறது."

"நானா, பிரபு?"

"நான் ஏறவில்லையா?"

சொக்கேசர் ஏறினார். கட்டெறும்பு கடித்தது, இரண்டு முழம் கட்டுவதற்குள் நாலு தடவை இறங்கி வந்தார். மற்றதை, அரண்மனைத் தோட்டத்திலிருந்து வந்த பூவைக்கொண்டு, பூரணியின் தோழிகள் கட்டி முடித்தார்கள். வெள்ளைப் பந்தலுக்குக் கீழே நேரத்தோடு தாலி ஏறியது. கெட்டிமேளம் கேட்டதும் வள்ளி ஒரு பக்கத்து ஆலந்தழை முழுவதையும் உருவி வாயில் போட்டுக்கொண்டது.

ராஜா சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். "யாருக்கு எது பிடிக்கிறதோ அவரவர் வீட்டில் சண்டைபோட்டு முடிவு செய்துகொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டார். மாடக்கண்ணு மலைக்குப் போகும்போது பெண்சாதியையும் கூட்டிப்போக உத்தரவு கொடுத்தார். காளத்திக்குத் தம் இடுப்பில் இருந்த பட்டு அங்கவஸ்திரத்தை அவிழ்த்துப் போர்த்தினார். வாழைக்கறை வெளுக்கப் போட்டும் போகவில்லை. காளத்தி அதைப் போர்த்திக்கொண்டு சபைக்கு வருகிறபோதெல்லாம் முதலில் சிரிக்கிறவர் ராஜாதான்.