வாசலைவிட்டு நகராத செவலை

முன்னொரு காலத்தில், ஒரே மகனைப் போரில் பறிகொடுத்த அரசர் ஒருவர் இருந்தார். அந்த இளவரசன் வளர்த்த காவல் நாயின் பெயர் செவலை. கன்றுக்குட்டி உயரம். போருக்குக் கிளம்பும்போது அதைத் தன் அறை வாசலில் உட்காரவைத்து, "நான் வரும்வரை யாரையும் உள்ளே விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வரவில்லை. நாயும் நகரவில்லை.

மகன் புழங்கிய அறையை ஒருமுறை பார்க்கலாம் என்று அரசர் போனார். செவலை அவரிடமே பல்லைக் காட்டி உறுமியது.

"அரசரையே தடுத்த நாயைக் கொன்றுவிடலாம்" என்றார் தளவாய் வீரமல்லர். அரசருக்கு மனம் வரவில்லை. அவையில் விகடகவி தாண்டவனுக்கு இருந்த செல்வாக்கு தளவாயின் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"அப்படியானால் நம் தாண்டவர் அதை வாசலைவிட்டு அகற்றட்டும். அடிக்கக் கூடாது, கட்டி இழுக்கக் கூடாது. நாளை மாலைக்குள் முடியாவிட்டால் நாய்க்கு ஈட்டி, இவருக்கு நாடுகடத்தல். சம்மதம்தானே, அரசே?" என்றார் தளவாய்.

துக்கத்தில் இருந்த அரசர் பாதி காதில் வாங்கித் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் மாலை தாண்டவன் இருவரையும் அழைத்துப்போனான். செவலை அதே இடத்தில் கிடந்தது.

"நாய் வாசலில்தானே இருக்கிறது!" என்று தளவாய் சிரித்தார்.

"இல்லை, தளவாயாரே. சுவரோரம் இருக்கிறது. அறையின் பின்சுவரை இடித்துப் புதுவழி வைத்திருக்கிறேன். இந்தக் கதவுக்குப் பின்னால் உள்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. உள்ளே போக முடியாத இடம் எப்படி வாசலாகும்? இடிக்கிற சத்தத்துக்கு இது குரைத்துப் பார்த்தது, பாவம். எழுந்து மட்டும் வரவில்லை."

பல நாட்களுக்குப் பிறகு அரசர் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். பிறகு சுற்றிக்கொண்டு போய், புதுவழியில் தனியாக உள்ளே நுழைந்தார்.

மகனுடைய மரக்குறடுகள் கட்டிலடியில் கிடந்தன. என்ன நினைத்தாரோ, அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தார். டக், டக் என்ற சத்தம் வெளியே கேட்டது.

செவலை துள்ளி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, சுற்றி ஓடி உள்ளே பாய்ந்தது. குறடுகளை முகர்ந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. வால் நின்றுவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்த் தேடியது. மூலை மூலையாகத் தேடியது.

அரசர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வரமாட்டான், செவலை. அவன் இனி வரமாட்டான்."

மகன் இறந்த சேதி வந்த நாளிலிருந்து அவர் வாயால் அதைச் சொன்னதில்லை.

அவரையே பார்த்துக்கொண்டு நின்ற செவலை, மெல்ல வந்து அவர் தொடையில் தலையை வைத்துப் படுத்தது. அன்று முதல் இருவரும் அந்த அறையில்தான் தூங்கினார்கள்.