எழுந்து போகிறவர்களின் கால்கள்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சூடம் ஏற்றுங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு சபா. பெயர் வேண்டாம். மார்கழிக் கச்சேரிப் பட்டியலை வாசலில் ஒட்டியிருந்தார்கள். கடைசி வெள்ளி, மதியம் இரண்டு மணி, மிருதங்கம் வைத்தமாநிதி.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு அதுதான் முதல் மேடை.

அவருடைய குரு சௌந்தரவல்லிக்கு வயது முப்பத்திரண்டு.

பட்டியலைப் பார்த்த கையோடு குருவிடம் ஓடினார்.

"டீச்சர், பாட்டு நின்னு மிருதங்கம் தனியா வாசிக்கற நேரம் வந்தா போதும், சபையே எழுந்து கேண்டீனுக்குப் போயிடறது. எனக்கு ஒருத்தராவது உட்காரணும். அதுக்கு வழி சொல்லாம நான் நகர மாட்டேன்."

"எழுந்து போறவா எப்படிப் போறா, சார்?"

"கதவு வழியா."

"கால் எப்படிப் போறது?"

"அதை யார் பார்த்தா?"

"போய்ப் பாருங்கோ."

அன்றிலிருந்து எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அவர் மேடையைப் பார்க்கவில்லை. கதவோரம் உட்கார்ந்து தரையையே பார்த்தார்.

"என்ன சார், செருப்பைக் காணோமா?" என்றார் வாட்ச்மேன்.

ஒரு வாரம் கழித்துக் குருவிடம் வந்தார்.

"நாற்பத்துமூணு பேர் போனா, டீச்சர்."

"அது தலை. நான் கேட்டது கால்."

மறுபடி போனார்.

அடுத்த முறை வந்தார். உட்கார்ந்து தொடையில் தட்டினார்.

குரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது கைத்தடி."

இன்னொன்று தட்டினார்.

"பட்டுப்புடவை. கொசுவம் தடுக்கறது."

இன்னொன்று.

"இடது காலை இழுத்து நடக்கற மனுஷர். போறும், கிளம்புங்கோ."

வெள்ளிக்கிழமை. பாட்டு நின்றது. முதல் அடி விழுவதற்குள் சபை எழுந்துவிட்டது.

அவர் கால்களைப் பார்த்தார். வாசித்தார்.

கைத்தடி டொக்கென்றது. மிருதங்கம் பதில் சொன்னது. கைத்தடி நின்று, யோசித்து, வேறு மாதிரி தட்டியது. அதற்கும் பதில் வந்தது. மொத்தக் கூட்டமும் பட்டாளம் மாதிரி கால் மாறாமல் வெளியேறியது. கேண்டீனில் காபி ஆற்றுகிறவர் கைகூட அதே கணக்கில் ஏறி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஓர் ஆசாமி மட்டும் கதவில் நின்றுவிட்டான். இடது காலை இழுத்து நடப்பவன். மிருதங்கம் தனியாகத் தொடங்கினால் நாற்பது வருஷமாக முதல் ஆளாக எழுந்து போகிறவன். அவனுடைய நடை மேடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கச்சேரி முடிந்தது. சாயங்கால நாடகத்துக்காக மேடையில் அட்டை அரண்மனையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் குரு வந்து சேர்ந்தாள்.

"ஒருத்தர் உட்கார்ந்தார், டீச்சர்!"

"மத்தவா?"

"போயிட்டா."

"எப்படிப் போனா?"

வைத்தமாநிதி சிரித்தார்.

"தாளம் தப்பாம."

யார் சொன்னது என்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். மிருதங்கம் என்றால் எனக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். கேலி செய்தால், இந்த இடது காலை வைத்துக்கொண்டு என்னால் ஓடவும் முடியாது.