கீரைப் பாத்திக்கு வந்த மணல்

ராஜா வீட்டிலும் சாணி மெழுகிய தரைதான் இருந்தது என்பார்களே, அந்தக் காலத்தில் கொற்றங்குடி என்றொரு பட்டணம். அங்கே செம்புலிங்கம் என்ற கீரைக்காரன் இருந்தான். அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைச் சமையலுக்குக் கீரை கொடுப்பவன் அவன்தான். ராஜாவின் தாயாருக்கு முளைக்கீரை இல்லாமல் சோறு இறங்காது. அந்த ஒரு வாசலை நம்பித்தான் செம்புலிங்கத்தின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொற்றங்குடி முழுக்கக் களிமண். பிடுங்கினால் கீரை பாதியில் அறுந்து வரும். அதனால் அந்த வருஷம் அவன் கூடை கூடையாக மணல் கொண்டுவந்து பாத்தியில் கொட்டிக் கிளறிவிட்டான். கீரை வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மணல் ஏது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பூனைகள் வந்தன. பக்கத்துத் தெரு நெசவாளர் தெரு. நூலுக்குப் போடும் கஞ்சிக்கு எலி வரும் என்று அங்கே வீட்டுக்கு வீடு பூனை. அத்தனையும் மதிலேறிக் குதித்தன. பாத்தியைப் பறித்தன, வெளிக்கு இருந்தன, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயின. செம்புலிங்கம் கீரையில் கை வைத்தால் கை நாறியது. கழுவினாலும் நாறியது.

அரண்மனைச் சமையல்காரர் கீரைக்கட்டை அவன் காலடியில் வீசினார். "இன்னொரு தரம் இந்த நாத்தம் வந்தா நீ இந்த வாசப்படி ஏறாதே" என்றார்.

செம்புலிங்கம் கட்டைப் பொறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பினான். நேரே போய் மதிலுக்கு அந்தப் பக்கம் தறி வைத்திருந்த மயிலாத்தாளைக் கூப்பிட்டான். அவள் வீட்டில் மட்டும் மூன்று பூனை.

"உன் பூனைங்களுக்கு என் பாத்திதான் கிடைச்சுதா? எல்லாத்தையும் கட்டிப் போடு."

"பூனையை எங்கேயாவது கட்டிப் போடுவாங்களா அண்ணே? இத்தனை வருஷம் அதுங்க உங்க பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா? இப்ப ஏன் வருதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கிற ஆளா அவன்? முதலில் பாத்தியெல்லாம் கருவேல முள்ளைப் பரப்பினான். பூனை பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது, முள் குத்தியதெல்லாம் அவன் காலில்தான். அடுத்து வேப்பம் புண்ணாக்கைக் கரைத்துத் தெளித்தான். பூனைகள் ரெண்டு பாத்தி தள்ளிப் போய் உட்கார்ந்தன. கடைசியாக ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டான். அந்த நாய்க்கும் மெத்தென்ற மண் பிடித்துப்போயிற்று. கீரையைப் பறித்துப் போட்டுவிட்டுக் குழிக்குள் சுருண்டு தூங்கியது.

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, விடிந்ததும் மயிலாத்தாளின் சாம்பல் பூனையை அமுக்கிப் பிடித்தான். கூடையில் போட்டு மூடி, அரண்மனைக்குத் தூக்கிப் போனான். முறை வருவதற்குள் உச்சி வெயில் ஆகிவிட்டது. தன் கீரை விவகாரம் என்பதால், ஊரார் பெரியம்மா என்று அழைக்கும் ராஜாவின் தாயாரே விசாரிக்க வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு இந்த ஊர்ல பூனை இருக்கணும், இல்லே நான் இருக்கணும் தாயே" என்றான் செம்புலிங்கம்.

மயிலாத்தாளை வரவழைத்தார்கள். அவளுக்கும் கோபம் குறைவில்லை. "பூனை போனா எலி வரும். எலி வந்தா நூல் போகும். அப்புறம் நாங்க எதைத் திங்கிறது?"

"பூனையையே கேட்டுவிடுவோம்" என்றார் பெரியம்மா.

மூன்று தட்டில் மண் வந்தது. ஒன்றில் ஊர்க் களிமண். ஒன்றில் குளத்து வண்டல். ஒன்றில் செம்புலிங்கத்தின் பாத்தி மண். கூடையைத் திறந்தார்கள். காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த பூனை களிமண்ணை மோந்து பார்த்து விலகியது. வண்டலில் ஒரு காலை வைத்து உதறியது. மூன்றாவது தட்டில் ஏறிப் பறித்தது, சபையறிய உட்கார்ந்தது, மூடிவிட்டு இறங்கியது.

சபை சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. "களிமண் ஊரில் உனக்கு மட்டும் ஏதப்பா இத்தனை மணல்?"

மயிலாத்தாள் குனிந்து தட்டைப் பார்த்தாள். மணலில் சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்குகள் கலந்து கிடந்தன.

"இது எங்க தெருக்கோடி மணல்மேடு தாயே. எங்க மாமனார் காலத்துல கிணறு வெட்டினப்ப அடியாழத்துல வந்த மணலைக் கொட்டினது. அதுமேலதான் தறிக்குப் போடற பாவு நூலை நீட்டிக் கட்டுவோம், துணுக்கு சிந்தும். பூனைங்க போறதும் அங்கேதான். போன மாசம் மேடு கரைஞ்சு காணாமப் போச்சு, மழைன்னு நினைச்சோம்."

மழையாம். ஆள் தெரியாமல் ஒரு தெருவின் மணலை அள்ளிக்கொண்டு போனவன், பூனையைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்க வந்திருக்கிறான். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அவனைக் கழுதைமேல் ஏற்றியிருப்பேன். பெரியம்மா அப்படிச் செய்யவில்லை.

"அந்த மேட்டைப் பழைய உயரத்துக்குக் கொட்டிவிட்டு வா. அதுவரைக்கும் உன் கீரை இங்கே வேண்டாம். வேறு ஒருவர் கீரையும் வேண்டாம். நானும் கீரை இல்லாமலே சாப்பிடுகிறேன்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவனைக் கொன்றது. வந்தபோது ஊர்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவன்மேலேயே விழுந்தது. நேரே தோட்டத்துக்குப் போய், நாறுகிற மண்ணைக் கையாலேயே அள்ளி, முதல் கூடையைத் தெருக்கோடியில் கொட்டினான். அவன் நிமிர்வதற்குள் சாம்பல் பூனை வந்தது. பறித்தது, இருந்தது, ஒழுங்காக மூடிவிட்டு அவனைத் திரும்பியும் பார்க்காமல் போயிற்று. செம்புலிங்கம் அடுத்த கூடைக்கு நடந்தான்.

அடுத்தவர் இடத்தை வாரிக்கொண்டு வந்தவனுக்கு, அவர்கள் தன் இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று கோபப்பட உரிமை கிடையாது.